பிள்ளை இரு வீட்டில் வளர்ந்தால் செலவு யாருடையது? ஹளானா, நஃபகா: ஒரு வரலாற்றுப் பார்வை





மணவிலக்கு நிகழ்ந்த பிறகு பிள்ளையை இருவரும் சரிபாதியாக வளர்ப்பது என்னும் ஏற்பாடு, ஏதோ மேலைநாட்டுச் செய்தி என்று நாம் எண்ணியிருந்த காலம் போய்விட்டது. தாய் வீடு அரியலூரிலும் தந்தை வீடு பெரம்பலூரிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பள்ளி நாள்களில் ஒரு வீடு, விடுமுறையில் மறு வீடு. அல்லது ஒரு வாரம் இங்கே, மறு வாரம் அங்கே. இவ்வாறு பேசி முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் மாவட்டங்களிலும் உருவாகி வருகின்றன.

அப்போது ஒரு சொல் தவறாமல் எழுகிறது. “நாள்கள் சமமாகிவிட்டன, ஆகவே யாரும் யாருக்கும் பிள்ளைச் செலவு கொடுக்க வேண்டியதில்லை” என்பதே அது. கேட்பதற்கு நீதியாகத் தோன்றும் இச்சொல், மார்க்கத்தின் தராசில் நிற்குமா? நாட்டின் சட்டத்தில் நிற்குமா? இதற்கு விடை காண வேண்டுமாயின் பிள்ளையை வளர்க்கும் உரிமையும் பிள்ளைக்குச் செலவழிக்கும் கடமையும் கடந்து வந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஹளானா வேறு, நஃபகா வேறு

ஃபிக்ஹ் நூல்களைத் திறந்தால் இவ்விரண்டும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதைக் காணலாம். ஹளானா என்பது பிள்ளையை அருகில் வைத்து, ஊட்டி, குளிப்பாட்டி, உறங்கவைத்துப் பேணும் பொறுப்பு. நஃபகா என்பது அப்பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றுக்கான செலவு. மூன்றாவதாக விலாயத் என்னும் காப்பாளர் அதிகாரமும் உண்டு. பிள்ளையின் சொத்து, திருமணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் உரிமை அது.

மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. பிள்ளை தாயின் மடியில் இருக்கலாம். செலவு தந்தையின் பையிலிருந்து வரலாம். திருக்குர்ஆனின் 2ஆவது அத்தியாயம் 233ஆவது வசனம் இதற்கு அடிப்படை. பால்குடிக் காலம் இரண்டு முழு ஆண்டுகள் என்று கூறும் அவ்வசனம், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் நடைமுறைக்கு ஏற்றவாறு அளிப்பதைத் தந்தையின் மீது சுமத்துகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தீங்கு கூடாது, தந்தைக்கும் தீங்கு கூடாது என எச்சரிக்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பிச் செய்யுமாறு வழிகாட்டுகிறது. பிரிந்துபோன இருவர் பிள்ளைக்காகக் கூடிப் பேசுதல் என்பது நவீனக் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தலாக்கைப் பற்றியே பேசும் 65ஆவது அத்தியாயமும் இதே கருத்தை வலியுறுத்துகிறது. விலக்கப்பட்ட மனைவி பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 6ஆவது வசனத்தின் கட்டளை. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருங்கியவர் தமக்கு அல்லாஹ் அளித்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது 7ஆவது வசனத்தின் அளவுகோல். இவ்வளவுகோல் வருவாயைப் பார்க்கிறது. பிள்ளை எத்தனை நாள் எந்த வீட்டில் இருந்தது என்று எண்ணவில்லை.

மதீனாவில் எழுந்த வழக்குகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலும் முதல் கலீஃபாவின் காலத்திலும் எழுந்த நான்கு நிகழ்வுகளை ஃபிக்ஹ் அறிஞர்கள் இப்பொருளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளுவர்.

முதலாவது, ஹிந்த் (ரலி) அவர்களின் முறையீடு. தம் கணவர் அபூசுஃப்யான் (ரலி) கைச்சுருக்கமானவர் என்றும், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்றும் அவர் நபியவர்களிடம் கூறினார். நடைமுறைக்கு ஏற்றவாறு தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவைக் கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். இதிலிருந்து அறிஞர்கள் இரண்டு விதிகளைப் பெற்றனர். பிள்ளையின் செலவுக்கு அளவு, பிள்ளைக்குப் போதுமானதாக இருத்தல் என்பது ஒன்று. அப்பொருளைப் பிள்ளைக்காகப் பெற்றுக் கையாளத் தாய் தகுதியுடையவள் என்பது மற்றொன்று.

இரண்டாவது, ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளைப் பற்றியது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ரா முடித்து மக்காவிலிருந்து திரும்பும்போது, தந்தையை இழந்த அச்சிறுமியை வளர்க்க அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் உரிமை கோரினர். சிறுமியின் தாயாருடைய சகோதரி ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவியாக இருந்ததால், சிற்றன்னை தாயின் இடத்தில் இருப்பவள் என்று கூறி அவ்வீட்டுக்கே நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

மூன்றாவது, தாயும் தந்தையும் ஒரே மகனுக்காக வழக்காடிய நிகழ்வு. தமக்குக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து தரும் அளவுக்கு வளர்ந்துவிட்ட மகனைக் கணவர் கொண்டுபோக விரும்புகிறார் என்று ஒரு பெண் முறையிட்டார். நபியவர்கள் அச்சிறுவனை நோக்கி, இவர் உன் தந்தை, இவர் உன் தாய், விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள் என்ற கருத்தில் கூறினார்கள். அவன் தாயின் கையைப் பிடித்தான்.

நான்காவது, முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) பதிவுசெய்துள்ள உமர் (ரலி) அவர்களின் வழக்கு. உமர் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் வாயிலாக ஆஸிம் என்னும் மகன் பிறந்தார். பின்னர் தம்பதியர் பிரிந்தனர். குபா பள்ளியின் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கண்டதும் உமர் (ரலி) தூக்கி வாகனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி விடவில்லை. வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பிள்ளையை அந்தப் பெண்மணியிடமே விட்டுவிடுமாறு அவர்கள் தீர்ப்பளிக்க, உமர் (ரலி) ஒரு மறுமொழியும் கூறாமல் ஏற்றுக்கொண்டார்கள். பேராற்றல் வாய்ந்த தந்தையாயினும் பிள்ளையின் நலனுக்கு முன்னால் தணிந்து நிற்க வேண்டும் என்பதற்கு இது நிலையான பாடம்.

பகல் தந்தையிடம், இரவு தாயிடம்

இந்நிகழ்வுகளிலிருந்து மத்ஹபுகளின் இமாம்கள் சட்டங்களை வகுத்தனர். தமிழகத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் ஹனஃபீ மத்ஹபும் மிகுதி என்பதை நாம் அறிவோம். எனவே இவ்விரண்டையும் நோக்குவது போதும்.

ஹனஃபீ வழியில் ஆண்பிள்ளை ஏறத்தாழ 7 வயது வரையிலும், பெண்பிள்ளை பருவமெய்தும் வரையிலும் தாயின் ஹளானாவில் இருப்பர். அதன்பின் தந்தையிடம் செல்வர். ஷாஃபிஈ வழியில், நன்மை தீமை பிரித்தறியும் வயதை, அதாவது ஏறத்தாழ 7 வயதை எட்டியதும், பிள்ளையே தாயையோ தந்தையையோ தேர்ந்தெடுக்கும்.

இங்கேதான் நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி இருக்கிறது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஷாஃபிஈ மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல். அதன்படி, ஆண்பிள்ளை தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவில் தாயிடமும் பகலில் தந்தையிடமும் இருப்பான். பகலில் அவனுக்குக் கல்வியும் தொழிலும் கற்பிப்பது தந்தையின் பொறுப்பு. முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிள்ளை பின்னர் மனம் மாறினால் மற்றவரிடம் மாற்றப்படும். பெண்பிள்ளை தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவும் பகலும் தாயிடமே இருப்பாள். தந்தை வழக்கமான முறையில் வந்து பார்த்துச் செல்வார்.

ஒரு நாளை இரண்டாக வகுத்து, பிள்ளை இரு வீடுகளிலும் வளர்வதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், பகலெல்லாம் தந்தையிடம் இருந்தான் என்பதற்காக இரவுச் செலவு தாயின் தலையில் ஏறியதா? இல்லை. பிள்ளைக்கெனச் சொந்தச் சொத்து இல்லாதவரை நஃபகா தந்தையையே சாரும். தந்தை இல்லையேல் தந்தைவழிப் பாட்டனாரைச் சாரும். நேரம் பங்கிடப்பட்டது, செலவுக் கடமை பங்கிடப்படவில்லை.

ஹனஃபீ நூல்கள் இதை இன்னும் விரித்துரைக்கின்றன. ஹிஜ்ரி 1252இல் மறைந்த திமிஷ்க் நகரத்து அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் ரத்துல் முஹ்தார் இத்துறையில் பெரிதும் நம்பப்படும் நூல். மணவிலக்குப் பெற்ற தாய்க்குத் தந்தை செலுத்த வேண்டியவற்றில் பாலூட்டும் ஊதியம், ஹளானாவின் ஊதியம், பிள்ளையின் நஃபகா என்று மூன்று தனித்தனிக் கணக்குகளை அறிஞர்கள் பிரித்துக் காட்டினர். தந்தை வறுமையில் இருந்து தாய்க்கு வசதி இருந்தால், பிள்ளை பட்டினி கிடக்காதவாறு தாய் செலவழிக்க ஆணையிடப்படுவாள். ஆனால் அது தந்தையின் மேல் கடனாக நிற்கும். அவருக்கு வசதி வரும்போது திருப்பித் தர வேண்டும்.

இன்னொரு சட்டமும் நம் காலத்துக்கு மிகவும் பொருந்தும். குலா பெறும் பெண், பிள்ளையின் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டு மணவிலக்குப் பெறலாம். பின்னர் அவள் வறியவளாகிவிட்டால், பிள்ளைக்குச் செலவழிக்குமாறு தந்தை கட்டாயப்படுத்தப்படுவார். அத்தொகையை அவர் அவளிடம் கடனாகக் கோரலாம். ஆனால் “ஒப்பந்தம் எழுதியாயிற்று” என்று பிள்ளையைக் கைவிட முடியாது. பெற்றோர் தமக்குள் எதை விட்டுக்கொடுத்தாலும் பிள்ளையின் சோற்றை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு உரிமையில்லை என்பதே இதன் கருத்து.

ஆங்கிலேயர் காலத்து மாற்றங்கள்

இந்தச் சட்டங்கள் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு நீதிமன்ற வாயிலாக வந்த கதை வேறு. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் சார்லஸ் ஹாமில்ட்டன் ஹிதாயா நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் வெளியிட்டார். அரபு அறியாத ஆங்கிலேய நீதிபதிகள் அதைக் கொண்டே முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைத் தீர்த்தனர். அரசு நியமித்த காஜிகளின் பதவியைப் பற்றிய சட்டங்கள் 1864இல் நீக்கப்பட்டன. நிக்காஹ் முதலியவற்றுக்குக் காஜிகள் வேண்டும் என்ற தேவையால் 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. முதலில் சென்னை மாகாணத்துக்கே அது பொருந்துமாறு இயற்றப்பட்டது. ஆனால் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் இச்சட்டம் தரவில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. நிக்காஹை ஓதிவைப்பவர் காஜி. பிள்ளையைப் பற்றித் தீர்ப்பளிப்பவர் நீதிபதி என்ற பிரிவு அன்றே உறுதியாயிற்று.

பிள்ளையின் பொறுப்புக்கு 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் அடிப்படையானது. பிள்ளையின் தனிச் சட்டத்துக்கு இணங்க, பிள்ளையின் நலனை நோக்கி முடிவெடுக்க வேண்டும் என்றும், அறிவுடன் விருப்பம் தெரிவிக்கும் வயதிலுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்றும் அதன் 17ஆவது பிரிவு கூறுகிறது. தாயின் கையைப் பிடித்த அச்சிறுவனின் நிகழ்வை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1918இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வழங்கிய இமாம்பந்தி தீர்ப்பை ஸையித் அமீர் அலீ எழுதினார். தாய்க்கு உள்ளது ஹளானா மட்டுமே. சொத்துக் காப்பாளர் தந்தையே என்று அது வரையறுத்தது. ஹளானாவும் விலாயத்தும் வேறு வேறு என்ற பழைய பிரிவினை இவ்வாறு இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றது.

நஃபகாவின் நிலை என்ன? 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆவது பிரிவு, எம்மதத்தவராயினும் மனைவியையும் பிள்ளையையும் கவனிக்காதவரை மாதந்தோறும் பணம் செலுத்துமாறு நடுவர் ஆணையிட வழிசெய்தது. உச்சவரம்பு முதலில் 50 ரூபாயாக இருந்து, பின்னர் 100 ஆகி, 1955இல் 500 ஆனது. இவ்வரம்பு 2001இல்தான் அகற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு அருகே விலைவாசி எங்கோ போயிருக்க, சட்டத்தின் உச்சம் 500 ரூபாயிலேயே நின்றது. போதுமான அளவு என்னும் நபிவழி அளவுகோலிலிருந்து அது எவ்வளவு விலகி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

விடுதலைக்குப் பின்: பிள்ளையின் உரிமை தனித்து நின்றது

1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழைய 488ஆவது பிரிவு 125ஆவது பிரிவாயிற்று. 1985இல் ஷா பானு தீர்ப்பும், அதைத் தொடர்ந்து 1986இல் முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பிள்ளைகளைத் தாய் வளர்த்தால், அவர்கள் பிறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்னாள் கணவர் நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. இதைச் சிலர், இரண்டு வயதுக்குப் பின் பிள்ளைக்குத் தந்தை எதுவும் தர வேண்டியதில்லை என்று பொருள்கொண்டனர்.

இக்குழப்பத்தை 1997இல் உச்ச நீதிமன்றம் நூர் ஸபா காத்தூன் வழக்கில் தீர்த்தது. பீகாரைச் சேர்ந்த அவ்வழக்கில், மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 150 ரூபாய் தருமாறு கீழ்நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. மணவிலக்குச் செய்த பின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தந்தை அதைக் குறைக்க முயன்றார். இரண்டு ஆண்டு என்பது தாய்க்குரிய ஏற்பாட்டின் அளவு. பிள்ளையின் உரிமை அதனால் சுருங்காது. பிள்ளைகள் வயது வரும் வரையிலும் அல்லது தம்மைத் தாமே காக்கும் வரையிலும், பெண்பிள்ளைகள் திருமணம் ஆகும் வரையிலும் தந்தை பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முஸ்லிம் தனிச் சட்டமும் இதையே கூறுகிறது என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. நம் ஃபிக்ஹ் நூல்களை ஓதியவர்கள் இத்தீர்ப்பில் அந்நியமான எதையும் காணமாட்டார்கள்.

பின்னர் 2019ஆம் ஆண்டுச் சட்டம், முத்தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கும் அவளைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் பிழைப்புத்தொகை பெறும் உரிமையையும் சிறு பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் உரிமையையும் கூறியது. 2024 ஜூலை 1 முதல் 125ஆவது பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது.

அண்டை நாடான இலங்கையில் வேறொரு வழி உண்டு. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் காதி நீதிமன்றம் பிள்ளையின் தாபரிப்புச் செலவை விசாரித்து ஆணையிடலாம். ஆனால் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை மாவட்ட நீதிமன்றமே முடிவுசெய்யும். நஃபகாவும் ஹளானாவும் அங்கே இரு வேறு நீதிமன்றங்களிலேயே நிற்கின்றன.

சரிபாதி வளர்ப்பு: நீதிமன்றங்கள் கண்ட வழி

இந்தியச் சட்டப் புத்தகங்களில் சரிபாதி வளர்ப்புக்கெனத் தனிப் பிரிவு இல்லை. ஆயினும் நீதிமன்றங்கள் அதைச் செய்துபார்த்திருக்கின்றன. 2013 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விநயா வழக்கில் ஆண்டையே இரண்டாக வகுத்தது. ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடமும், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடமும் பிள்ளை இருக்கும். மற்றவர் வாரக் கடைசியில் பார்க்கலாம். கல்வி முதலிய செலவை இருவரும் சமமாக ஏற்க வேண்டும் என்பது அதன் ஆணை.

2015 மே மாதத்தில் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் இவ்வழக்கை எடுத்துக்காட்டி, கூட்டு வளர்ப்பையும் பிள்ளைச் செலவையும் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயமாகச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை.

செலவைச் சமமாகப் பிரிப்பதுதான் ஒரே வழியா? இல்லை. 2000இல் பத்மஜா சர்மா வழக்கில் தாய், தந்தை இருவருமே ஊதியம் பெறுபவர்கள். தந்தையின் ஊதியம் தாயின் ஊதியத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளைகளின் செலவை 2:1 என்ற விகிதத்தில் இருவரும் ஏற்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது இந்துச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கு. 2020 நவம்பர் 4இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வழங்கிய வழிகாட்டுதல்களிலும் அக்கருத்து தொடர்கிறது. கல்விச் செலவு வழக்கமாகத் தந்தையைச் சாரும். தாய் போதிய அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம். இருவரும் தம் வருவாய், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கட்டாயமாக்கியது.

நம்மவர் பலர் குடியேறியுள்ள நாடுகளில் இக்கேள்விக்கு விடைகள் மாறுபடுகின்றன. பிரிட்டனில் அரசின் பிள்ளைப் பராமரிப்புத் துறை, அன்றாடப் பேணுதல் முற்றிலும் சமமாக இருந்தால் தொகை எதையும் விதிப்பதில்லை. கனடாவிலோ, பிள்ளை ஆண்டில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நேரம் ஒவ்வொருவரிடமும் இருந்தால் தனிக் கணக்கு உண்டு. ஆனால் நாள்கள் சமமானவுடன் தொகை தானாகக் குறைந்துவிடாது. இருவரின் வருவாயையும் இரு வீடு நடத்தும் கூடுதல் செலவையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

கணக்கை எழுதிப் பார்ப்போம்

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். தந்தையின் மாத வருவாய் 40,000 ரூபாய். தாயின் வருவாய் 20,000 ரூபாய். பிள்ளை மாதத்தில் பாதி நாள் ஒரு வீட்டிலும் பாதி நாள் மறு வீட்டிலும் இருக்கிறது. உணவு முதலியவற்றுக்கு ஒவ்வொரு வீட்டிலும் 2,500 ரூபாய் ஆகிறது. பள்ளிக் கட்டணம், உடை, மருத்துவம், வேன் வாடகை ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய். இவற்றைத் தாய் செலுத்துகிறார். பிள்ளையின் மொத்தச் செலவு 9,000 ரூபாய்.

“நாள்கள் சமம், கணக்கும் சமம்” என்று விட்டுவிட்டால், தந்தை செலவழிப்பது 2,500. தாய் செலவழிப்பது 6,500. குறைந்த வருவாய் உள்ளவரின் தோளில் பெருஞ்சுமை ஏறிவிடுகிறது. உணவுதான் நாளோடு பிரியும். பள்ளிக் கட்டணமும் காய்ச்சலுக்கான மருந்தும் நாளோடு பிரிவதில்லை. இதுவே அச்சொல்லின் அடிப்படைக் கோளாறு.

விகித முறையில் 9,000 ரூபாயை 2:1 எனப் பிரித்தால் தந்தையின் பங்கு 6,000. தாயின் பங்கு 3,000. தந்தை தம் வீட்டில் 2,500 செலவழித்துவிட்டதால் எஞ்சிய 3,500 ரூபாயைத் தாய்க்கு அனுப்ப வேண்டும்.

ஃபிக்ஹின் அசல் சட்டப்படி பார்த்தால், வசதியுள்ள தந்தை உயிரோடிருக்கும்போது 9,000 ரூபாயும் அவரையே சாரும். அப்படியாயின் தாய்க்கு அவர் 6,500 ரூபாய் அனுப்ப வேண்டும். தாய் தம் ஊதியத்திலிருந்து மனமுவந்து கொடுப்பது அழகிய தர்மம்; அதைக் கடமை என்று கேட்டு வாங்குவதற்கில்லை. தாய் ஆசிரியையாகவோ செவிலியராகவோ பணிபுரிகிறார் என்பதைக் காரணம் காட்டித் தந்தை விலகிக்கொள்ள மார்க்கம் இடம் தரவில்லை என்பதை ஆண்கள் நாம் நினைவில் நிறுத்த வேண்டும்.

நம் ஜமாஅத்துகளின் முன்னுள்ள பொறுப்பு

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் சென்று உழைப்போர் பலர். தந்தை கடல் கடந்து இருக்கும்போது சரிபாதி வளர்ப்பு என்று எழுதினால், பாதி நாள் பிள்ளையை வைத்திருப்பவர் உண்மையில் தந்தைவழிப் பாட்டியே. அது தவறன்று, பாட்டியின் அரவணைப்பும் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் தந்தை விடுப்பில் வரும் ஒரு மாதத்தைக் காட்டி ஆண்டு முழுவதற்கும் செலவைப் பாதியாக்குவது நீதியாகாது.

இரு தரப்பையும் அமரவைத்துச் சமாதானம் பேசுவது ஜமாஅத்தின் பெருமைக்குரிய பணி. அதன் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே ஜமாஅத்தில் முடிவான உடன்பாட்டைக் குடும்பநல நீதிமன்றத்திலோ உரிய மாவட்ட நீதிமன்றத்திலோ பதிந்து ஆணையாகப் பெறுவதே பிள்ளைக்குப் பாதுகாப்பு. வழக்கறிஞருக்குச் செலவிட இயலாத பெண்களும் பிள்ளைகளும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அதற்கு வருமான வரம்பு இல்லை. 1995 வரை இவ்விரு மாவட்டங்களும் திருச்சிராப்பள்ளியோடு இணைந்திருந்தபோது, மாவட்டத் தலைநகரில் ஆகவேண்டிய காரியம் என்றால் திருச்சிக்கே பயணம் போக வேண்டியிருந்தது. இன்று அந்தத் தொலைவு இல்லை.

உடன்பாடு எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. பிள்ளையின் மொத்தச் செலவை முதலில் வரியாக எழுதுக. யார் எதைச் செலுத்துகிறார் என்பதை அடுத்து எழுதுக. தொகை எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும், ஆண்டுதோறும் பள்ளிக் கட்டணம் உயரும்போது எவ்வாறு மாறும் என்பதையும் குறிப்பிடுக. “செலவு வேண்டாம், பிள்ளையை மட்டும் கொடுத்தால் போதும்” என்று ஒரு தாய் கண்ணீரோடு சொன்னால், அதை அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடாதீர்கள். அவர் விட்டுக்கொடுப்பது அவருடைய பொருளை அன்று, பிள்ளையின் பொருளை. அதுபோலவே, செலவு தரவில்லை என்பதற்காகத் தந்தையைப் பார்க்கவிடாமல் பிள்ளையைத் தடுத்துவைப்பதும் சரியன்று. ஹளானா வேறு, நஃபகா வேறு என்ற பாடம் இரு தரப்புக்கும் பொதுவானது.

மத்ரஸாவில் ஓதவரும் பிள்ளைகளில் இரு வீட்டுப் பிள்ளைகளை ஆசிரியர்கள் எளிதில் அடையாளம் காண்போம். கிதாபு ஒரு வீட்டில், தொப்பி மறு வீட்டில் என்று தவறவிட்டு வருவார்கள். அதனால் அவர்கள் நொந்துபோவதில்லை. தம் செலவுக்காக இரு வீட்டுப் பெரியவர்களும் ஒருவரையொருவர் ஏசுவது காதில் விழும்போதுதான் அவர்கள் முகம் வாடுகிறது. தாம் ஒரு சுமை என்று ஏழு வயதுப் பிள்ளை எண்ணிவிட்டால், அந்தக் காயத்தை எந்தத் தொகை ஆற்றும்?

தம் பொறுப்பிலுள்ளவர்களைக் கைவிடுவதே ஒருவரின் பாவத்துக்குப் போதுமானது என்றும், குடும்பத்துக்குச் செலவிடும் பொற்காசுக்கு மிகுந்த நற்கூலி உண்டு என்றும் நபிமொழிகள் உணர்த்துகின்றன. மணவாழ்வு முடிந்துவிடலாம், தந்தைமையும் தாய்மையும் முடிவதில்லை.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், அவர்களின் உரிமையைக் குறைவின்றி நிறைவேற்றுவோராக நம்மையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.